எத்தனை நடை, எவ்வளவு சுமை: பல டேபிள்களிலிருந்து தரவு எடுக்கும் கணக்கு

என் மடிக்கணினியில் அந்த ரிப்போர்ட் கண் இமைப்பதற்குள் வந்து நின்றது. வாடிக்கையாளரின் அலுவலகத்தில் அதற்கே அரை நிமிடம் பிடித்தது. கோயம்புத்தூரில் ஒரு மொத்த வியாபாரக் கடை. மாதத்தின் பில்களையும், ஒவ்வொரு பில்லுக்கும் கீழே அதில் போன சரக்குகளையும் காட்டுகிற சாதாரணப் பக்கம்தான் அது. அங்கே கணக்குப் பார்க்கும் அண்ணன் முதல் நாளே சொல்லிவிட்டார்: "தம்பி, பட்டனைத் தட்டிப்போட்டு ஒரு டீ குடிச்சுட்டு வந்தா சரியா இருக்குதுங்க."

நிரல் மாறவில்லை. தரவும் மாறவில்லை, அங்கிருந்து எடுத்த பேக்கப்பைத்தான் என் கணினியில் ஏற்றி வைத்திருந்தேன். என்னிடம் நிரலும் டேட்டாபேஸும் ஒரே பெட்டிக்குள் இருந்தன. அங்கே நிரல் கடையில் ஓடியது, டேட்டாபேஸ் மும்பையில் ஒரு கிளவுட் சர்வரில் இருந்தது. மாதத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் பில். பில் பட்டியலுக்கு ஒரு க்வெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி), பிறகு ஒவ்வொரு பில்லின் சரக்குக்கும் ஒவ்வொரு க்வெரி என்று எழுதியிருந்தேன். அந்த ஒரு பக்கத்துக்காக என் நிரல் மும்பைக்கு ஆயிரம் தடவை போய்வந்துகொண்டிருந்தது. உப்புக்கு ஒரு நடை, புளிக்கு ஒரு நடை, மிளகாய்க்கு ஒரு நடை.

நிரல் எழுதப் பழகுகிற எல்லோரும் ஒருநாள் இந்த இடத்துக்கு வருகிறார்கள். ஒரு டேபிளிலிருந்து எடுக்கத் தெரிந்துவிட்டது. இப்போது மூன்று நான்கு டேபிள்களில் கிடப்பதைச் சேர்த்து ஒரே திரையில் காட்ட வேண்டும். ஒவ்வொன்றாக எடுத்து நாமே சேர்ப்பதா, டேட்டாபேஸையே சேர்த்துத் தரச் சொல்வதா, நடுவில் வேறு வழி உண்டா? நான் எந்த வழியையும் பார்க்கும்போது இரண்டு கேள்விதான் கேட்பேன்: எத்தனை நடை? ஒவ்வொரு நடையிலும் எவ்வளவு சுமை?

பிரித்து வைப்பது எதற்கு

ஒரே பெரிய டேபிளில் எல்லாவற்றையும் போட்டு வைத்தால் இந்தத் தொல்லையே இல்லையே என்று தோன்றும். அப்படிப் போட்டால் ஒரு வாடிக்கையாளரின் தொலைபேசி எண் அவருடைய ஒவ்வொரு பில்லிலும் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கும். எண் மாறினால் எல்லா இடத்திலும் மாற்ற வேண்டும். ஓரிடம் விட்டுப்போனால் எது சரியென்று யாருக்கும் தெரியாது. 1970இல், ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகத்தில் இருந்த எட்கர் காட் ஒரு கட்டுரை எழுதினார். தரவை டேபிள்களாக வைப்போம், டேபிள்களுக்கு இடையிலான உறவை அவற்றில் உள்ள மதிப்புகளே சொல்லட்டும், எந்தப் பாதையில் போய்த் தேடுவது என்ற கவலை நிரலுக்கு வேண்டாம் என்பது அதன் சாரம். இன்று நாம் புழங்கும் ரிலேஷனல் டேட்டாபேஸ்கள் எல்லாம் அதன் வழிவந்தவை. அதாவது பிரித்து வைப்பது சரிதான். சேர்த்து எடுப்பதுதான் நம் வேலை.

கடைக்காரரின் தரவை இங்கே காட்ட முடியாது. அதனால் மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ்காரர்கள் பழகுவதற்கென்றே தரும் 'சகிலா' என்ற மாதிரி டேட்டாபேஸை எடுத்துக்கொள்வோம். இலவசம், நீங்களும் இறக்கி ஓட்டிப் பார்க்கலாம். (பெயரைப் பார்த்து நம்மூர்ச் சகிலா என்று நினைக்க வேண்டாம். மைஎஸ்க்யூஎல் சின்னத்தில் இருக்கும் டால்பினின் பெயர் அது. பெயர் வைக்கும் போட்டியில் ஸ்வாசிலாந்துக்காரர் ஒருவர் அனுப்பியது.) கனடாவில் ஒன்று, ஆஸ்திரேலியாவில் ஒன்று என இரண்டு கிளைகள் கொண்ட ஒரு கற்பனை டிவிடி வாடகைக் கடையின் தரவு. 'படம்' டேபிளில் 1,000 வரிகள். 'நடிகர்' டேபிளில் 200. எந்தப் படத்தில் எந்த நடிகர் என்று இணைத்துச் சொல்லும் 'படம்–நடிகர்' டேபிளில் 5,462. கடையில் இருக்கும் டிவிடிப் பிரதிகளுக்கான 'இருப்பு' டேபிளில் 4,581. 'மொழி' டேபிளில் வெறும் 6. அங்கே எல்லாப் பெயரும் ஆங்கிலத்தில் இருக்கும். இங்கே தமிழிலேயே சொல்கிறேன்.

ஒவ்வொன்றாக

எல்லாப் படங்களையும், ஒவ்வொன்றின் கீழும் அதன் நடிகர்களையும் காட்ட வேண்டும். யாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான்: படங்களை எடு, ஒரு லூப் போடு, ஒவ்வொரு படத்துக்கும் அதன் நடிகர்களைக் கேள். முதல் க்வெரி ஒன்று, லூப்புக்குள் 1,000. மொத்தம் 1,001. இந்த நோய்க்கு 'என் பிளஸ் ஒன்' (N+1) என்று பெயர். படம் எந்த மொழி என்பதையும் அதே லூப்பில் கேட்டால் இன்னொரு 1,000. இதில் ஒரு வேடிக்கை, சகிலாவில் 1,000 படங்களுமே ஆங்கிலம். ஆயிரம் தடவை போய்க் கேட்டு, ஆயிரம் தடவையும் 'ஆங்கிலம்' என்ற ஒரே பதிலோடு திரும்பி வருகிறோம்.

டேட்டாபேஸுக்கு இந்தக் கேள்விகள் ஒரு பொருட்டே இல்லை. இண்டெக்ஸ் (புத்தகத்தின் பின்னால் இருக்கும் சொல்லடைவு போன்றது) இருந்தால் ஒரு படத்தின் நடிகர்களைத் தேடி எடுக்க மில்லி வினாடியில் ஒரு சிறு பங்கு போதும். நேரத்தைத் தின்பது நடைதான். நிரலும் டேட்டாபேஸும் ஒரே டேட்டா சென்டரில் இருந்தால் ஒரு முறை போய்வர ஏறத்தாழ அரை மில்லி வினாடி. சென்னையிலிருந்து மும்பைக்கு நேர்கோட்டில் ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேல். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். போக 5, வர 5 என்று குறைந்தது 10 மில்லி வினாடி. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, நடுவில் ரூட்டர்கள் வேறு, ஆகவே நடைமுறையில் இன்னும் அதிகம். கோயம்புத்தூர்க் கடையில் எனக்கு 30 வரை வந்தது. அதை ஆயிரத்தால் பெருக்கினால் டீக்கடைக்குப் போய்வரும் நேரம். இந்தக் கணக்கில் எவ்வளவு வேகமான சர்வர் வாங்கினாலும் ஒன்றும் குறையாது. ஒளியை வேகப்படுத்த ஆளில்லை.

க்வெரிகளைக் கையால் எழுதுகிறவருக்காவது லூப்புக்குள் ஒரு க்வெரி இருப்பது கண்ணில் படும். ஜாங்கோ, ஹைபர்னேட், ரெயில்ஸ் போன்றவற்றின் ஓஆர்எம்மில் (டேபிள் வரிகளை நிரலின் பொருள்களாகக் காட்டும் அடுக்கு) அதுவும் படாது. 'படம்' என்று எழுதி, ஒரு புள்ளி வைத்து, 'நடிகர்கள்' என்று எழுதினால் முடிந்தது. பார்த்தால் ஏதோ நினைவகத்தில் ஏற்கெனவே இருப்பதை எடுப்பது போலத்தான் இருக்கும். அந்தப் புள்ளிக்குப் பின்னால் ஒரு க்வெரி ஓடுகிறது. தேவைப்படும்போது மட்டும் போய் எடுக்கும் இந்தப் பழக்கத்துக்கு லேஸி லோடிங் என்று பெயர். சோம்பேறித்தனமான எடுப்பு. பெயர் பொருத்தம்தான்: சோம்பேறி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத்தான் எழுந்து போவான்.

சோதிக்கும்போது இது தெரியாமல் போவதற்கு இன்னொரு காரணம், நாம் ஐந்து படங்களை வைத்துச் சோதிக்கிறோம். ஆறு க்வெரியை யார் கவனிப்பார்கள்? நான் இப்போதெல்லாம் எந்தப் புதுப் பக்கத்தை எழுதினாலும் முதலில் க்வெரி லாகைத் திறந்து வைத்துக்கொள்கிறேன். நேரத்தைப் பார்ப்பதில்லை; எத்தனை வரிகள் ஓடுகின்றன என்று மட்டும் எண்ணுகிறேன். நேரம் இடத்துக்கு இடம் மாறும், எண்ணிக்கை மாறாது.

இதற்காக ஒவ்வொன்றாக எடுப்பதையே பாவமாக நினைக்கவும் வேண்டாம். ஒரே ஒரு படத்தின் பக்கத்தைத் திறக்கிறார்கள்: படம், அதன் மொழி, அதன் நடிகர்கள். மூன்று க்வெரி, மூன்றும் படித்தால் புரியும்படி எளிமையாக இருக்கும். அதை ஒரே க்வெரியாக்க மண்டையை உடைப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. க்வெரி லூப்புக்குள் போகும்போதுதான் ஆபத்து.

ஒரே நடையில்

அடுத்து ஜாயின். படம், படம்–நடிகர், நடிகர் என்ற மூன்று டேபிள்களையும் எந்த எண்ணால் இணைப்பது என்று சொல்லிவிட்டால், டேட்டாபேஸே சேர்த்து ஒரே விடையாகத் தந்துவிடும். 1,001 நடை ஒரே நடையாகிறது.

உள்ளே அது என்ன செய்கிறது? சில நேரம் நாம் போட்ட லூப்பையேதான் போடுகிறது: ஒரு படத்தை எடுத்து, அதன் நடிகர்களை இண்டெக்ஸில் தேடி, அடுத்த படத்துக்குப் போகிறது. ஆனால் வீட்டுக்குள்ளேயே நடப்பதால் பயணச் செலவு இல்லை. சில நேரம் சிறிய டேபிளை முழுவதும் நினைவகத்தில் ஹாஷ் அட்டவணையாக அடுக்கிக்கொண்டு, பெரிய டேபிளை ஒருமுறை ஓட்டிப் பொருத்துகிறது. எது மலிவு என்று செலவைக் கணக்கிட்டு அதுவே தேர்ந்தெடுக்கும். இப்படிச் செலவு போட்டு வழியைத் தேர்ந்தெடுக்கும் முறையை 1979இல் ஐபிஎம்மின் பட்ரீசியா செலிங்கரும் அவருடைய சகாக்களும் கட்டுரையாக எழுதினார்கள். 'சிஸ்டம் ஆர்' என்ற அவர்களுடைய சோதனை டேட்டாபேஸிலிருந்து வந்தது அது.

'ஜாயின் போட்டால் மெதுவாகிவிடும்' என்று மூத்தவர்கள் சிலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இணைக்கும் நெடுவரிசையில் இண்டெக்ஸ் இல்லாமல் சுட்டுக்கொண்ட அனுபவமாகத்தான் பெரும்பாலும் அது இருக்கும். மைஎஸ்க்யூஎல்லில் ஹாஷ் ஜாயின் வந்ததே 2019இல், 8.0.18 பதிப்பில்தான். அதற்கு முன்னால் இண்டெக்ஸ் இல்லையென்றால் வரிக்கு வரி மோதிப் பார்ப்பதைத் தவிர அதற்கு வழி குறைவு. இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: மைஎஸ்க்யூஎல்லின் வழக்கமான சேமிப்பு எஞ்சினான இன்னோடிபி, ஃபாரின் கீ (இன்னொரு டேபிளின் வரியைச் சுட்டும் நெடுவரிசை) அறிவித்தாலே அந்த நெடுவரிசைக்கு இண்டெக்ஸ் போட்டுவிடும். போஸ்ட்கிரஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ் போடாது, நாம்தான் போட வேண்டும். ஒன்றில் பழகி இன்னொன்றுக்கு மாறுகிறவர்கள் இங்கே தடுக்கி விழுவது வாடிக்கை.

நடை குறைந்தது சரி, சுமை? ஜாயினின் விடை 5,462 வரிகள். பத்து நடிகர்கள் உள்ள படம் பத்து வரிகளாக வரும். படத்தின் தலைப்பும் நீளமான கதைச்சுருக்கமும் பத்து தடவை வரும். சராசரியாக ஒவ்வொரு படத்தின் விவரமும் ஐந்தரை முறை கம்பியில் பயணம் செய்கிறது. தேவையான நெடுவரிசைகளை மட்டும் பெயர் சொல்லிக் கேட்டால் இது பெரிய வலியாகாது. நட்சத்திரக்குறி போட்டு எல்லாவற்றையும் கேட்கிறவர்களுக்குத்தான் வலிக்கும்.

வெறும் ஜாயின் போட்டால் 1,000 படங்களும் வராது, 997தான் வரும். மூன்று படங்களுக்கு நடிகர்களே பதிவாகவில்லை; பொருந்தாத வரியை ஜாயின் சத்தமில்லாமல் விட்டுவிடும். எரர் வராது, எச்சரிக்கை வராது. மூன்று படங்கள் காணாமல் போனதை யாராவது ஒருநாள் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். எல்லாப் படமும் வேண்டுமென்றால் லெஃப்ட் ஜாயின்; அப்போது 5,465 வரிகள், அவற்றில் மூன்றில் நடிகர் பெயர் காலி.

பக்கம் பிரிப்பதிலும் ஒரு கண்ணி உண்டு. 'முதல் 20 மட்டும்' என்று ஜாயினின் முடிவில் வெட்டினால் 20 படங்கள் கிடைக்காது, 20 வரிகள் கிடைக்கும். சகிலாவின் முதல் படமே அதில் பத்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். முதலில் 20 படங்களைத் தனியே வெட்டி எடுத்து, பிறகுதான் நடிகரோடு இணைக்க வேண்டும். ஓஆர்எம்மிடம் இப்படிக் கேட்டால் ஹைபர்னேட் எல்லா வரியையும் நினைவகத்துக்கு இழுத்து வைத்து அங்கே வெட்டும். லாகில் ஒரு எச்சரிக்கை எழுதும். அந்த வரியைப் படிப்பவர் அபூர்வம்.

இரண்டு கிளைகள்

கோயம்புத்தூர்க் கதைக்குத் திரும்புகிறேன். ஆயிரம் நடையைக் கண்டுபிடித்த உற்சாகத்தில், எல்லாவற்றையும் ஒரே ஜாயினில் போட்டேன்: பில், வாடிக்கையாளர், சரக்கு, அத்தோடு அந்தப் பில்லுக்கு வந்த வசூல். பக்கம் ஒரு வினாடியில் வந்தது. அண்ணனுக்கு மகிழ்ச்சி. இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். "தம்பி, ரிப்போர்ட்டு சொல்ற வசூல் நம்ம கல்லாவுல இல்லீங்களே?"

என்ன நடந்தது என்பதைச் சகிலாவின் முதல் படத்தை வைத்துக் காட்டுகிறேன். 'அகாடமி டைனோசர்' என்று பெயர். அதற்கு 10 நடிகர்கள். கடையில் 8 பிரதிகள். பிரதி ஒன்று தொலைந்தால் வாடிக்கையாளர் கட்ட வேண்டிய விலை 20.99 டாலர். இந்தப் படத்துக்குக் கடையில் முடங்கியிருக்கும் பணம் எவ்வளவு? எட்டை 20.99ஆல் பெருக்கினால் 167.92.

இப்போது நடிகர்களையும் பிரதிகளையும் ஒரே க்வெரியில் படத்தோடு ஜாயின் செய்யுங்கள். நடிகருக்கும் பிரதிக்கும் நேரடி உறவு எதுவும் இல்லை. இரண்டும் படத்திலிருந்து கிளைக்கும் தனித்தனிக் கொப்புகள். டேட்டாபேஸுக்கு எதை எதோடு சேர்ப்பது என்று தெரியாது. அதனால் ஒவ்வொரு நடிகரையும் ஒவ்வொரு பிரதியோடும் சேர்க்கும். பத்தும் எட்டும் பதினெட்டு வரிகளாக வர வேண்டியவை, 80 வரிகளாக வரும். விலையைக் கூட்டினால் 1,679.20. சரியான தொகையைப் போலப் பத்து மடங்கு. நடிகர்கள் பத்து பேர் அல்லவா?

திரையில் வரிகள் இரட்டிப்பதைப் பார்த்ததும் கை தானாக, ஒரே மாதிரி வருவதை ஒருமுறை மட்டும் எடுக்கும் 'டிஸ்டிங்க்ட்' போடப் போகும். கூட்டலுக்குள் டிஸ்டிங்க்ட் போட்டால் என்ன வரும் தெரியுமா? 20.99. எட்டுப் பிரதிக்கும் ஒரே விலை என்பதால் ஏழு பிரதிகளை விழுங்கிவிடும். முன்பு அதிகம், இப்போது குறைவு, இரண்டும் தப்பு. என் கடைக் கதையிலும் அதேதான்: மூன்று சரக்கும் இரண்டு தவணை வசூலும் உள்ள பில் ஆறு வரிகளானது, ஒவ்வொரு தவணையும் மூன்று முறை கூடியது. மெதுவான ரிப்போர்ட் எரிச்சல் தரும், அவ்வளவுதான். வேகமான தப்பான ரிப்போர்ட்டை நம்பி ஒருவர் வாடிக்கையாளரிடம் 'நீங்கள் எல்லாம் கட்டிவிட்டீர்கள்' என்று சொல்லிவிடுவார்.

தீர்வு, ஒரு கிளையை முதலில் சுருக்குவது. வசூலைப் பில் வாரியாகத் தனியே கூட்டி, பில்லுக்கு ஒரு வரி என்று ஆக்கிய பிறகு இணைத்தால் பெருகாது. அல்லது ஒவ்வொரு கிளைக்கும் ஒரு க்வெரி. மைக்ரோசாஃப்ட்டின் என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோர் இந்த இழுபறியை வெளிப்படையாகவே சந்தித்தது. 3.0 பதிப்பில் எல்லாக் கிளைகளையும் ஒரே க்வெரியில் இணைத்தது, வரிகள் பெருகின, 2020இல் வந்த 5.0இல், வேண்டுமானால் க்வெரியைப் பிரித்து ஓட்டும் வசதியைக் கொடுத்தது.

நடிகர் பெயர்களை ஒரே வரியில் காற்புள்ளி போட்டுக் கோத்துத் தரும் குரூப் கன்கேட் என்றொரு வசதியும் மைஎஸ்க்யூஎல்லில் உண்டு. சகிலாவிலேயே அப்படி ஒரு வியூ (பெயரிட்டுச் சேமித்த க்வெரி) இருக்கிறது. பார்க்க அழகு. ஆனால் விடையின் நீளத்துக்கு அது வைத்திருக்கும் உச்சவரம்பு, நாம் மாற்றாதவரை, 1,024 பைட். அதற்கு மேல் வெட்டிவிடும். யுடிஎஃப்-8இல் தமிழின் 'க'வுக்கு 3 பைட், 'கொ'வுக்கு 6. ஆங்கிலப் பெயரில் சோதித்துச் சரியென்று நினைத்தது, தமிழ்ப் பெயர்கள் ஏறியதும் பாதியில் அறுந்து நிற்கும்.

இரண்டு மூன்று நடையில்

நான் அதிகம் போகும் வழி இதுதான். முதல் க்வெரியில் படங்களை எடு. அவற்றின் எண்களை ஒரு பட்டியலாகச் சேர். இரண்டாவது க்வெரியில், 'படத்தின் எண் இந்தப் பட்டியலுக்குள் இருக்கும் நடிகர்களை எல்லாம் கொடு' என்று மொத்தமாகக் கேள். வந்த நடிகர்களை நிரலுக்குள் படத்தின் எண்ணைச் சாவியாக வைத்து ஒரு டிக்‌ஷனரியில் போடு: 1 என்ற சாவிக்குக் கீழே பத்துப் பேர், 2க்குக் கீழே நாலு பேர். பிறகு படங்களை ஓட்டி, ஒவ்வொன்றுக்கும் டிக்‌ஷனரியிலிருந்து எடுத்து ஒட்டு. லூப் இருக்கிறது, ஆனால் லூப்புக்குள் க்வெரி இல்லை. ஆயிரம் படமானாலும் நடை இரண்டுதான். பிரதிகளும் வேண்டுமென்றால் மூன்றாவது நடை. கதைச்சுருக்கம் ஒரே ஒரு தடவை வரும், எதுவும் பெருகாது, நடிகரில்லாத படமும் தொலையாது.

ஓஆர்எம்காரர்கள் இதைத் தயாராகவே வைத்திருக்கிறார்கள். ஜாங்கோவில் செலக்ட் ரிலேட்டட் என்றால் ஜாயின், 2012இல் 1.4 பதிப்பில் சேர்ந்த பிரீஃபெட்ச் ரிலேட்டட் என்றால் இந்தத் தனி க்வெரி. எதற்கு எது என்பதில் ஒரு நல்ல பிரிவினையும் செய்திருக்கிறார்கள், நானும் அதையே பின்பற்றுகிறேன். ஒரு படத்துக்கு ஒரே மொழி, ஒரு பில்லுக்கு ஒரே வாடிக்கையாளர் என்ற திசையில் ஜாயின் போட்டால் வரி பெருகாது, தயங்காமல் போடுங்கள். ஒரு படத்துக்குப் பல நடிகர் என்ற திசையில் தனி க்வெரி.

பட்டியல் முறைக்கும் முட்கள் உண்டு. பட்டியலின் நீளத்துக்கு ஒவ்வொரு டேட்டாபேஸும் ஒரு கோடு போட்டிருக்கிறது. ஆரக்கிளில் நெடுங்காலம் 1,000 மதிப்புகள்தான். எஸ்க்யூஎல் சர்வரில் ஒரு க்வெரிக்கு 2,100 பாராமீட்டர்கள் (க்வெரியோடு அனுப்பும் மதிப்புகள்). எஸ்க்யூஎல்லைட்டில் 2020 வரை 999, அதன் பிறகு 32,766. அதனால் 500 ஐந்நூறாக வெட்டி அனுப்புவது பழக்கம்.

பட்டியல் காலியாக இருந்தால்? காலி அடைப்புக்குறியை மைஎஸ்க்யூஎல்லும் போஸ்ட்கிரஸும் இலக்கணப் பிழை என்று திருப்பி அனுப்பிவிடும். அது நல்லது. எஸ்ஏபி என்ற வணிக மென்பொருளின் அபாப் மொழியில் 'ஃபார் ஆல் என்ட்ரீஸ்' என்று இதே வேலைக்கு ஒரு வசதி இருக்கிறது. அங்கே பட்டியல் காலியாக இருந்தால் நிபந்தனையையே விட்டுவிட்டு டேபிளில் உள்ள எல்லா வரியையும் அள்ளிக் கொடுத்துவிடும். ஒன்றுமே வேண்டாம் என்று கேட்டவனுக்கு ஊரையே எழுதிக் கொடுப்பது போல. அபாப் எழுதுகிறவர்கள் அந்த வரிக்கு முன்னால் 'காலியா?' என்று பார்ப்பதைப் பல் துலக்குவது போலப் பழகியிருப்பார்கள்.

இரண்டு நடை போகும்போது நடுவில் உலகம் மாறிவிடலாம் என்பது இன்னொரு முள். முதல் க்வெரியில் ஒரு பில் வந்தது. இரண்டாவது க்வெரி போவதற்குள் வேறொரு ஊழியர் அந்தப் பில்லில் ஒரு சரக்கை நீக்கிவிட்டார். உங்கள் பக்கத்தில் பில்லின் தொகை பழையது, சரக்குப் பட்டியல் புதியது, கூட்டினால் இடிக்கும். ஜாயினில் இந்தத் தொல்லை கிடையாது, ஒரு க்வெரி ஒரே கணத்தின் காட்சியைத்தான் பார்க்கும். போஸ்ட்கிரஸின் வழக்கமான ரீட் கமிட்டட் நிலையில், பல க்வெரிகளை ஒரே மூட்டையாகக் கட்டும் ஒரு டிரான்சாக்‌ஷனுக்குள் போட்டாலும் ஒவ்வொரு க்வெரியும் அந்தந்த நேரத்துப் புதுக் காட்சியைத்தான் பார்க்கும். ரிப்பீட்டபிள் ரீட் நிலையைக் கேட்டு வாங்கினால்தான் இரண்டு க்வெரியும் ஒரே காட்சியைப் பார்க்கும். இன்னோடிபியில் வழக்கமே அதுதான், ஆனால் இரண்டையும் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் நாம் வைத்திருக்க வேண்டும். படப் பட்டியல் மாதிரி விஷயத்துக்கு நான் இதையெல்லாம் பார்ப்பதில்லை. பணம் சம்பந்தப்பட்டால் பார்க்கிறேன்.

மொழி டேபிள் போன்ற ஆறு வரி விஷயத்துக்கு ஜாயினும் வேண்டாம், பட்டியலும் வேண்டாம். நிரல் தொடங்கும்போதே ஆறையும் நினைவகத்தில் ஏற்றிவிட்டால் நடையே இல்லை. மாவட்டப் பெயர்கள், அளவைப் பெயர்கள் எல்லாம் இந்த ரகம். மாறினால் மறுபடி ஏற்ற ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் புதிதாகச் சேர்த்த வரி திரையில் வரவில்லை என்று ஒரு காலை முழுக்கத் தேடுவீர்கள்.

நடைச் செலவே இல்லாத இடமும் ஒன்று இருக்கிறது. எஸ்க்யூஎல்லைட்டுக்கு சர்வர் கிடையாது. உங்கள் நிரலுக்குள்ளேயே ஒரு லைப்ரரியாக ஓடும். க்வெரி என்பது அங்கே ஒரு ஃபங்ஷன் அழைப்புதான். தங்கள் தளத்தில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 200 க்வெரிகள் ஓடுவதாக அதை உருவாக்கியவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள், வெட்கமில்லாமல், காரணத்தோடு. கைபேசிச் செயலிக்குள் எஸ்க்யூஎல்லைட் வைத்திருக்கிறீர்கள் என்றால் என் பிளஸ் ஒன் உங்களுக்குப் பெரிய பகையில்லை. எளிமையாகப் படிக்கக்கூடிய லூப்பையே எழுதிவிட்டுப் போகலாம். நாளைக்கு அதே நிரலை வேறு ஊர் சர்வருக்கு மாற்றினால் கதை வேறு.

டேபிள்கள் வேறு வேறு டேட்டாபேஸ்களில் இருந்தாலும் கதை வேறு. பில் ஒரு சர்வரில், வாடிக்கையாளர் இன்னொரு துறையின் சர்வரில் என்றால் ஜாயின் என்ற பேச்சுக்கே பெரும்பாலும் இடமில்லை. பட்டியல் முறை ஒன்றுதான் கை கொடுக்கும்.

கோயம்புத்தூர் ரிப்போர்ட் இப்போது மூன்று வகைக் க்வெரிகளில் ஓடுகிறது. பில்லும் வாடிக்கையாளரும் ஒரு ஜாயினில். சரக்குகள் பட்டியல் முறையில், ஐந்நூறு பில் எண்களாக வெட்டி. ஆகவே பில் ஆயிரத்தைத் தாண்டும் மாதங்களில் இது மட்டும் மூன்று நடையாகும். வசூல் பில் வாரியாக டேட்டாபேஸிலேயே கூட்டப்பட்டு வருகிறது. மூன்றும் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள். வரி விகிதங்கள் நினைவகத்தில். கூடவே, எந்தப் பக்கமாவது 20 க்வெரிக்கு மேல் ஓடினால் லாகில் சிவப்பாக ஒரு வரி விழும்படி செய்து வைத்தேன்.

போன மாதம் அந்தச் சிவப்பு வரி விழுந்தது: 412 க்வெரி. புதிதாகச் சேர்ந்த பையன் எழுதிய பக்கம். கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துவிட்டுச் சொன்னான்: "ஆனா அண்ணா, என் லேப்டாப்ல டக்குனு வருதே?"